உங்கள் ஈரலில் இருந்த முடிச்சு

போன வாரம் நம் மகள் இரத்தினபுரியிலிருந்து வந்தபோது கைப்பையில் ஒரு படம் கொண்டுவந்தாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு வழவழப்பான தாள். வயிற்றுப் பிள்ளையின் ஸ்கேன் படமாம். லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பெண்கள் எல்லாரும் சுற்றி நின்றுகொண்டு இது தலை, இது கால், மூக்கு அப்படியே தாத்தா மூக்கு என்று அடித்துச் சொன்னார்கள். எனக்கு மூக்கும் தெரியவில்லை, முழியும் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஓயாமல் மழை பெய்கிற மாதிரி ஒரு வெளி, அதன் நடுவில் வெள்ளையாக ஏதோ மிதந்தது. படத்தை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தேன். பிள்ளையை விட்டுவிட்டு அப்படியே உங்களிடம் வந்துவிட்டேன்.

"என்னம்மா, எங்க போயிட்ட?" என்று மகள் கேட்டாள். உங்க அப்பாகிட்ட என்று சொன்னால் அழுவாள். பிள்ளைத்தாய்ச்சியை அழவைக்கக் கூடாது என்று, அடுப்பில் தண்ணீர் வைத்ததை மறந்துவிட்டேன் எனச் சொல்லி எழுந்து போனேன். அடுப்பில் தண்ணீரும் இல்லை, நெருப்பும் இல்லை. புகைக்கூட்டுக்குக் கீழே சும்மா நின்றேன். இதே சாம்பல் மழைக்குள் உங்களையும் ஒருநாள் பார்த்தவள் நான். அதைப் பற்றி உங்களோடு கொஞ்சம் பேசவேண்டும் போல் இருக்கிறது.

மகள் நான்காம் வகுப்பில் படித்த வருடம் அது. தோட்டத்துக்குக் கீழே, ஆற்றங்கரை வயலில் வெட்டியிருந்த மாணிக்கக் குழிக்கு நீங்கள் போய்க்கொண்டிருந்தீர்கள். எனக்கு அது ஒருநாளும் பிடித்ததில்லை. மலை நிறைய ரப்பர் மரம் நிற்கிறது, கத்தியை எடுத்துக்கொண்டு என்னோடு பால் வெட்ட வந்தால் என்ன, செத்த பிறகு போகிற இடத்துக்கு உயிரோடு இருக்கும்போதே தினமும் ஏன் இறங்க வேண்டும் என்று சண்டை பிடிப்பேன். நீங்கள் சிரிப்பீர்கள். கீழே குளிர்ச்சியாக இருக்கிறது, உன் சத்தமும் அங்கே கேட்காது என்பீர்கள். மாலையில் வரும்போது உங்கள் காது மடலிலும் நகக்கண்ணிலும் நீலம் கலந்த களிமண் ஒட்டியிருக்கும். அதை நான் ஈர்க்குச்சியால் சுரண்டி எடுக்கிற நேரத்தில், மண்ணுக்கு அடியில் தண்ணீர் ஊறுகிற சத்தத்தைப் பற்றிக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வீர்கள். சண்டை பிடித்தவள் அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்துவிடுவேன்.

உங்கள் குழியில் ஒரு வழக்கம் இருந்தது. மேலே அள்ளி வந்த சரளையைக் கூடையில் போட்டு, இடுப்பளவு நீரில் நின்று சுழற்றிக் கழுவுகிறபோது கல் கண்ணில் பட்டால், பட்டவன் வாயைத் திறக்கக் கூடாது. கிடைத்தது என்று சொல்லக் கூடாது. கையில் எடுத்து வெயிலுக்குப் பிடித்துப் பார்க்கவும் கூடாது. வாய்க்குள் போட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி கூடையைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விலை பேசி முடியும் வரை வீட்டுக்காரிக்கும் தெரியக் கூடாது. வாய்விட்டுச் சொல்லிவிட்டால் கல்லுக்குள் விரிசல் விழுந்துவிடும் என்று நீங்கள் எல்லாரும் நம்பினீர்கள். வளவளவென்று பேசிக்கொண்டு கழுவுகிறவன் திடீரென்று பேச்சை நிறுத்தினால் மற்றவர்களுக்கு விளங்கிவிடுமாம். அவர்களும் ஒவ்வொருவராக நிறுத்திவிடுவார்களாம். அப்படி ஒருநாள் ஆற்றங்கரை முழுதும் அமைதியாகிப் போனதை எனக்குச் சொன்னபோது உங்கள் குரலும் தணிந்துவிட்டது. கடைசியில் கிடைத்தது என்னவோ மிளகளவு கல்தான். உங்களுக்குக் கல்லைவிட அந்த அமைதிதான் பிடித்திருந்தது என்று எனக்குத் தோன்றும்.

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு நாளில், குழியின் சுவருக்கு முட்டுக்கொடுத்திருந்த மரம் ஒன்று நழுவி உங்கள் வலது விலாவில் அடித்தது. உங்கள் குழியின் மூத்த ஆள் சுனில், அண்ணன் முறைக்கு நீங்கள் சிங்களத்தில் அய்யே என்று கூப்பிடுகிறவர், வேன் பிடித்து உங்களை டவுனுக்குக் கொண்டுபோனார். எனக்கும் ஆள் அனுப்பினார். பால் வாளியை மரத்தடியிலேயே வைத்துவிட்டு, கறை படிந்த வேலைச் சேலையோடு பஸ் ஏறினேன். நம் குருவிட்டையிலிருந்து இரத்தினபுரி டவுனுக்கு அவ்வளவு தூரம் என்று அன்றுதான் தெரிந்தது. உள்ளே ரத்தம் கசிகிறதா என்று பார்க்க ஸ்கேன் எடுக்கப்போகிறார்கள் என்றார்கள். சுனில் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்துகொண்டார். என்னை உள்ளே விட்டார்கள்.

அந்த அறை இருட்டாக இருந்தது. மழைக்கு மூடிய ஜன்னல், மெதுவாகச் சுற்றும் மின்விசிறி, ஒரு சின்னத் திரையின் வெளிச்சம் மட்டும். வயதான டொக்டர் உங்கள் வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு கருவியை அழுத்தி அழுத்தி நகர்த்தினார். திரையில் சாம்பல் மழை பெய்தது. அதுதான் என் புருஷனின் உள்பக்கம் என்று நம்ப எனக்கு நேரம் எடுத்தது. மேகம் கலைகிற மாதிரி கலைந்தது, பிறகு சேர்ந்தது. இருண்ட ஆறுகள் குறுக்கே ஓடின. அவைதான் ரத்தக்குழாய்கள் என்று டொக்டர் சொன்னார். எனக்குப் பயம் போய், தூக்கம் வருகிற மாதிரி ஒரு நிம்மதி வந்தது. இவ்வளவு பெரிய ஊர் ஒன்று இந்த மனிதருக்குள் இருந்திருக்கிறது, நான் ஒருநாளும் அங்கே போனதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது டொக்டரின் கை ஓரிடத்தில் நின்றது. போன வழியே திரும்பி வந்து மறுபடியும் நின்றது. ஈரலின் நடுவே, வெள்ளையாக, ஓரம் சுருண்ட ஒரு கொத்து.

நல்ல மனிதர் அவர். கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நம் இருவருக்கும் விளங்கும்படி சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். அடிபட்டதால் உள்ளே ஒரு சேதமும் இல்லை. ஆனால் தேடாத ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. ரத்தக்குழாய்கள் சில ஒன்றுசேர்ந்து முடிச்சு மாதிரி ஆகியிருக்கின்றன. பெரிய எலுமிச்சம்பழம் அளவு. பிறக்கும்போதே இருந்திருக்கலாம். புற்றுநோய் மாதிரித் தெரியவில்லை, இதனால் சாகமாட்டீர்கள், மருந்தும் வேண்டாம். அதை அதன்பாட்டில் விட்டுவிடுங்கள். அந்தப் பக்கம் மட்டும் இனி பலமாக அடிபடக் கூடாது. என்றைக்காவது யாராவது அந்த இடத்தில் ஊசியோ கத்தியோ வைக்க வந்தால், வைப்பதற்கு முன்னால் இது இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். ரத்தத்தால் நிறைந்த இடம், குத்தினால் நிற்காது. இவ்வளவுதான் சொன்னார். நான் வாய்க்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாடமாக்கிக்கொண்டேன்.

நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. டொக்டர் திரையை உங்கள் பக்கம் திருப்பினார். நீங்கள் பார்க்காமல் முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தீர்கள். விலா வலியில் அதுவரை முனகிக்கொண்டிருந்தவர் முனகுவதையும் நிறுத்திவிட்டீர்கள். அந்த அமைதி எனக்குத் தெரிந்த அமைதிதான். வெளியே வந்ததும் சுனில் எழுந்து வந்து என்ன சொன்னார்கள் என்று கேட்டார். "மொகுத் நே அய்யே" என்றீர்கள். ஒன்றுமில்லையாம். பக்கத்தில் நின்ற என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் அதைச் சொன்னீர்கள்.

பஸ்ஸில் நான் பேசிக்கொண்டே வந்தேன், நீங்கள் ஜன்னல் கண்ணாடியில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். ரோட்டில் இறங்கி மலையேறும்போது, பலாமரத்தடியில் நம் ஆட்கள் கும்பிடுகிற முனியாண்டிக் கல்லுக்கு முன்னால் நின்றீர்கள். நனைந்த தீப்பெட்டியில் குச்சிகளை வீணாக்கி ஒருவழியாகக் கற்பூரம் ஏற்றினீர்கள்.

"இதை யார்கிட்டயும் சொல்லிப்புடாத புள்ள. சொன்னா அது உள்ளயே வெடிச்சிரும். சாமி மேல சத்தியம் பண்ணு."

பைத்தியமா உங்களுக்கு, அது என்ன கல்லா என்று கேட்டேன். கேட்டுவிட்டேனே தவிர, நீங்கள் முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது கண்ணுக்குள் நின்றது. வாழ்நாள் முழுதும் பிறத்தியார் வயல் மண்ணைக் கழுவி ஒன்றும் காணாத மனிதர், கடைசியில் தனக்குள்ளேயே ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். அதைப் பழகின மாதிரிதானே பாதுகாப்பார். அதோடு இன்னொரு காரணமும் இருந்தது. அதை நீங்கள் சொல்லவில்லை, எனக்கு விளங்கியது. விலாவில் அடிபடக் கூடாத ஆளை எந்தக் குழிக்காரன் கீழே இறக்குவான்? கற்பூரம் அணைவதற்குள் கையடித்துச் சத்தியம் பண்ணினேன்.

டொக்டர் கொடுத்த படத்தையும் தாளையும் தகரக் கூரைக்கும் மரச் சட்டத்துக்கும் இடையில் சொருகினீர்கள். அடுத்த மழையில் அது ஊறிக் கூழாகிச் சுவரில் வழிந்தது. சுவரைத் துடைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த முடிச்சு உங்கள் ஈரலில் இருந்தது, என் வாயில் இருந்தது, வேறெங்கும் இல்லை.

விலா ஆறியதும் மறுபடியும் குழிக்குப் போனீர்கள். நான் மலையில் பால் வெட்டிக்கொண்டே கீழே நீர் இறைக்கும் மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சத்தம் நின்றால் என் கத்தியும் நிற்கும். மறுபடி தொடங்கும் வரை மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்த நாட்களில் எனக்கு ஒரே கனவுதான் வந்தது. கையில் விளக்கோடு நான் ஒரு குழிக்குள் இறங்குகிறேன். சுவர்கள் சிவந்து, ஈரமாக, இளஞ்சூடாக இருக்கும். அது உங்கள் ஈரல் என்று கனவிலேயே தெரியும். சுவரில் ஓரிடத்தில் வெள்ளையாக ஒரு கொத்து மெதுவாக மூச்சு விடும். மேலேயிருந்து யாரோ, என்ன தெரிகிறது என்று கேட்பார்கள். நான் வாயை இறுக்கிக்கொள்வேன், வாய்க்குள் ஒரு கல் இருக்கும். விடிந்து எழுந்தால் தாடை வலிக்கும். உங்களிடம் சொன்னேன். கனவில்கூட நீ சொல்லவில்லை பார், கெட்டிக்காரி என்றீர்கள்.

அப்படியே காலம் போயிருக்கும். மகள் ஆறாம் வகுப்புக்குப் போன வருடம் ஆறு பெருகி வயலும் குழியும் ஒன்றானது. தண்ணீர் வடிந்ததும் சேற்றை அள்ள இறங்கினீர்கள். அடுத்த வாரமே உங்களுக்கும் சுனிலுக்கும் ஒன்றாகக் காய்ச்சல் வந்தது. கெண்டைக்காலைத் தொட விடமாட்டீர்கள், கண் சிவந்து பிறகு மஞ்சளானது. இருவரையும் ஒரே வார்ட்டில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். சுனிலுக்கு இறங்கத் தொடங்கிய காய்ச்சல் உங்களுக்கு இறங்கவில்லை. வலது பக்கம் வலி என்று சுருண்டு படுத்திருந்தீர்கள். அதனால் ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

பகல் சோற்று நேரம். கஞ்சிப் போத்தலோடு நான் வந்தபோது உங்கள் கட்டிலருகே தள்ளுவண்டி நின்றது. டொக்டரம்மா, நாங்கள் நோனா என்போம், இளவயதுக்காரி, மூன்று நாள் தூங்காதவள் போல் கண். ஈரலில் பெரிதாக ஒரு நிழல் தெரிகிறது, இந்தப் பக்கத்தில் கித்துள் கள் குடிக்கிறவர்களுக்கு ஈரலில் சீழ் பிடிப்பது சகஜம், இதுவும் சீழ்க்கட்டியாகத்தான் இருக்க வேண்டும், ஊசி போட்டு வடித்தால் காய்ச்சல் இறங்கிவிடும் என்றாள். அவள்மேல் ஒரு பிழையும் சொல்ல மாட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்டாள். இதற்கு முன் எப்போதாவது ஸ்கேன் எடுத்திருக்கிறீர்களா, ஈரலில் ஏதாவது இருப்பதாக யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று உங்களைக் குனிந்து பார்த்துக் கேட்டாள்.

நீங்கள் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தீர்கள். சுனில் விழித்துக்கொண்டுதான் இருந்தார். "நே மிஸ்" என்றீர்கள். இல்லையாம்.

காய்ச்சலில் மறந்துவிட்டீர்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். இல்லை. அடுத்ததாக என்னைப் பார்த்தீர்கள். கண் அவ்வளவு மஞ்சளாக இருந்தும் அந்தப் பார்வை தெளிவாக இருந்தது. முனியாண்டிக் கல்லும் கற்பூரமும் அதில் இருந்தன. ஆட்கள் உங்களைத் தள்ளுவண்டிக்கு மாற்றினார்கள். சக்கரம் நகர்ந்தது. வார்ட்டின் நீளம் முழுதும் வெயில் சதுரம் சதுரமாக விழுந்து கிடந்தது. உங்கள் கால்கள் ஒரு சதுரத்துக்குள் போய் இன்னொன்றில் வெளிவந்தன. எல்லாம் கனவில் நடப்பது போல மெதுவாக நடந்தது. வாய்க்குள் கல் இருந்தது.

பிறகு நான் வண்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது. கஞ்சிப் போத்தல் கீழே உடைந்து கிடந்தது.

"ஊசி போட வேணாம் நோனா. அது சீழ் இல்ல, ரத்தக்குழாய் முடிச்சு. முந்தியே ஸ்கேன்ல பார்த்திருக்கு. குத்தினா ரத்தம் நிக்காதுன்னு சொன்னாங்க" என்று சிங்களத்தில் சொன்னேன். ஒருதரம் இல்லை, வார்ட்டு முழுதும் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் சொன்னேன்.

டொக்டர் நோனா வண்டியை நிறுத்தினாள். எங்கே எடுத்தது, எப்போது, அவர்கள் என்ன சொல் சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். வயதான டொக்டர் சொன்னதைப் பாடமாக்கி வைத்திருந்தவள் அப்படியே ஒப்பித்தேன். எவ்வளவு பெரியது என்றதற்கு எலுமிச்சம்பழம் என்று விரலைக் குவித்துக் காட்டினேன். அவள் போய்ப் பெரிய டொக்டரிடம் பேசிவிட்டு வந்தாள். ஊசி வேண்டாம், கொழும்புக்கு அனுப்பி வேறு ஸ்கேன் எடுப்போம், இரத்தப் பரிசோதனையும் எலிக்காய்ச்சல் என்றே வருகிறது, அதற்கு மருந்து ஏற்றுவோம் என்றாள். என் தோளைத் தொட்டு, நீங்கள் இப்போது சொன்னது நல்லது அக்கா என்றாள். அக்கா என்று அவள் சொன்னது நினைவிருக்கிறது.

உங்களைக் கட்டிலில் மாற்றிப் போட்டார்கள். நான் பக்கத்தில் வந்து போர்வையை இழுத்துவிட்டேன். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "சாமி மேல பண்ணின சத்தியம்டி" என்றீர்கள். மறு கட்டிலில் சுனில் முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

தனியாகக் கூப்பிட்டு டொக்டரிடம் சொல்லியிருக்கக் கூடாதா, சுனில் காதில் விழும்படி கத்த வேண்டுமா என்று நீங்கள் மனசுக்குள் கேட்டது எனக்குத் தெரியும். வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. மெதுவாகப் பேச எனக்கு அப்போது வராது. இன்றைக்கும் அதே வண்டி நகர்ந்தால் அப்படியேதான் கத்துவேன். இதில் நான் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

கொழும்பில் உங்களைப் பெரிய வளையம் ஒன்றுக்குள் படுக்கவைத்து, கையில் மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். திரும்பி வந்த பிறகு டொக்டர் நோனா அந்தப் படங்களை ஜன்னலில் பிடித்து எனக்குக் காட்டினாள். மருந்து முதலில் முடிச்சின் ஓரங்களில் மட்டும் சின்னச் சின்னப் பொட்டாகத் தெரிகிறது. அடுத்த படத்தில் கொஞ்சம் உள்ளே. அதற்கடுத்ததில் இன்னும் உள்ளே. வயலுக்குத் தண்ணீர் பாய்கிற மாதிரி, அவசரமில்லாமல், நடு வரைக்கும் நிறைகிறது. இப்படி மெதுவாக நிறைந்தால் அது ரத்தக்குழாய் முடிச்சுதான், வேறு நோய் இல்லை என்றாள். நான் உங்களையும் பார்க்கச் சொன்னேன். நீங்கள் பார்க்கவில்லை.

குழி வேலை போய்விட்டது. சுனில் கெட்டவர் இல்லை. உடம்பு தேறியதும் அவரே லயத்துக்கு வந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டு, இனி உன்னை இறக்கினால் எனக்குத் தூக்கம் வராது மல்லி என்று, தம்பியைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வருடக் கடைசியில் உங்கள் குழியில் நல்ல கல் ஒன்று கிடைத்தது என்று ஊரெல்லாம் பேச்சு. உங்களுக்கு அதில் பங்கில்லை. நீங்கள் படியில் உட்கார்ந்து நகக்கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், அதில் களிமண் இல்லை. எனக்கும் வலித்தது. வலிக்காமல் இருக்க நான் என்ன மரமா?

அந்தக் கோபம் எத்தனை மாதம் நீடித்தது! என்னோடு நேரே பேசமாட்டீர்கள். உங்க அம்மாகிட்ட உப்பு கூடிப்போச்சுன்னு சொல்லு என்று மகளிடம் சொல்வீர்கள், நான் அங்கேயே அகப்பையோடு நின்றுகொண்டிருப்பேன். மகள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் கோழியிடம் சொன்னீர்கள். சட்டையில பொத்தான் இல்ல, இந்த வீட்ல யார் கவனிக்கிறா என்று கோழியைக் கேட்டீர்கள். கோழி என்னைப் பார்த்தது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பொத்தான் தைத்தேன்.

வேறு வழியில்லாமல் பால் வெட்ட வந்தீர்கள். கங்காணி உங்களுக்கு என் வரிசைக்கு அடுத்த வரிசையைக் கொடுத்தார், அவருக்கும் விஷயம் தெரியும் போல. முதல் மாதம் கத்தியை ஆழமாகப் போட்டுப் போட்டு மரங்களைக் காயப்படுத்தினீர்கள். கங்காணி திட்டியது எனக்கே பாவமாக இருந்தது. பனிக்குள் உங்கள் உருவம் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு நகரும். பட்டையில் கத்தி உரசுகிற சத்தம், சிரட்டையில் பால் சொட்டுகிற சத்தம், உங்கள் இருமல். பேச்சு மட்டும் கிடையாது. எனக்கு அது போதுமாக இருந்தது. கீழே மெஷின் சத்தம் நின்றால் இப்போது நான் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. அந்தக் கனவும் வருவதில்லை.

அடுத்த வருடம் மறுபடி ஸ்கேன் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். வரமாட்டேன் என்றீர்கள், மகள் அழுததால் வந்தீர்கள். அதே டொக்டர் நோனா. முடிச்சு போன வருடம் இருந்த அளவே இருக்கிறது, ஒரு நூல் கூடவில்லை என்றாள். நீங்கள் மெதுவாகத் தலையைத் திருப்பி முதல் தடவையாகத் திரையைப் பார்த்தீர்கள். அவள் கருவியை எடுக்கப் போனபோது இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னீர்கள். இருட்டில் உங்கள் முகத்தில் அந்தச் சாம்பல் வெளிச்சம் படர்ந்திருந்தது. சின்னப் பிள்ளை ஆற்றைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு கிடந்தீர்கள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது நேரே என்னைப் பார்த்துப் பேசினீர்கள்.

"ஊருக்கே தெரிஞ்சிருச்சு. அப்படியே இருக்கே. அதுக்குக் காது கேக்கல போல."

நான் செய்தது சரி என்றும் சொல்லவில்லை, பிழை என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து உப்பு கூடிப்போச்சு என்று என்னிடமே சொன்னீர்கள். மகள் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நமக்குக் கிடைத்த வருடங்களில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் நடக்கவில்லை. மாசி மாதங்களில் ரப்பர் இலை சிவந்து உதிர்ந்தது, பிறகு துளிர்த்தது. நீங்கள் நன்றாகவே பால் வெட்டக் கற்றுக்கொண்டீர்கள், என்னைவிட நன்றாக என்று நீங்கள் சொன்னதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மகள் பெரியவளானாள், அவள் பார்த்த பையனையே கட்டிக்கொடுத்தோம். சில மதியங்களில் வாசலில் படுத்துத் தூங்குவீர்கள். நான் உங்கள் வலது விலாவின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதற்கடியில் அது அதன்பாட்டில் நிறைந்துகொண்டும் இருந்துகொண்டும் இருந்தது. நாம் மூன்று பேராகக் குடித்தனம் பண்ணினோம் என்று எனக்குத் தோன்றும்.

அந்தக் கடைசிக் காலையிலும் அடுத்தடுத்த வரிசையில்தான் வெட்டிக்கொண்டிருந்தோம். பனி கலையவில்லை. உங்கள் கத்திச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன், மரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். ஓடி வந்து வலது விலாவைத்தான் தடவினேன். நீங்கள் என் கையை எடுத்து நடு நெஞ்சில் வைத்தீர்கள். முகமெல்லாம் வியர்வை. பக்கத்தில் ஆள் யாரும் இல்லை. உங்களை விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை, போகாமல் இருக்கவும் முடியவில்லை.

"யார்கிட்டயாவது சொல்லட்டுமாங்க?"

"போய்ச் சொல்லு புள்ள. சத்தமாச் சொல்லு."

ஓடினேன். யாருக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிக் கத்த வேண்டுமே, ஆள் வர வேண்டுமே. கல்யாணமான நாளிலிருந்து நான் உங்கள் பெயரைச் சொன்னதில்லை. நம் ஆட்களில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். ரப்பர் மரங்களுக்கிடையில் ஓடிக்கொண்டே அன்று நான் உங்கள் பெயரைச் சொன்னேன். மலை முழுதும் கேட்கும்படி, திரும்பத் திரும்பச் சொன்னேன். கங்காணி வந்தார், வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கத்தியைப் போட்டுவிட்டு வந்தார்கள். உங்களைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். ஈரலா என்று கேட்டேன். ஈரலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார்கள்.

நான் கூப்பிட்டது உங்கள் காதில் விழுந்ததா என்று மட்டும் எனக்குத் தெரியாது. உங்கள் வரிசை இப்போது எனக்குத்தான். நீங்கள் சாய்ந்திருந்த மரத்துக்கு வரும்போது உங்கள் பெயரை ஒருதரம் சொல்லிவிட்டுத்தான் பட்டையில் கத்தியை வைக்கிறேன். அடுத்த வரிசையில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சத்தமாகத்தான் சொல்கிறேன்.